ப்ளம்ஸ் மேல் பூத்த நீறு

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அத்திப்பழம் தேறியது. ப்ளம்ஸ் தேறவில்லை.

காலையில் சூளையிலிருந்து எடுத்த பீங்கான் பழங்களைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு சதுக்கத்துச் சந்தைக்குப் போனேன். புதிதாக எது செய்தாலும் கிராசியெட்டின் கடையில் நிஜப் பழக்கூடைக்குள் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு, எதிரே நின்று காபி குடிப்பது எங்கள் வழக்கம். வாங்க வருகிறவர் யாராவது அதை எடுத்து அழுத்திப் பார்த்தால் பாஸ். பீங்கான் என்று தெரிந்ததும் சிலர் சிரிப்பார்கள், சிலர் திட்டுவார்கள். திட்டுகிறவர்கள் வந்தால்தான் கிராசியெட்டுக்கு அன்றைக்குப் பொழுது நன்றாகப் போகும்.

அத்தியை ஒரு பாதிரியார் எடுத்தார். வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டார். ப்ளம்ஸைத்தான் யாரும் தொடவில்லை. சுற்றியிருந்ததெல்லாம் விற்றுப்போய் அது மட்டும் கூடையில் தனியாக உட்கார்ந்திருந்தது. கிராசியெட் அதை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"என்ன எர்மீனியா இது, சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி இருக்கு? மேல நீறு எங்க?"

உண்மைதான். கறுத்த ப்ளம்ஸ் மேல் நீலச் சாம்பலாக மெல்லிசாய் ஒரு நீறு பூத்திருக்குமே, கறுப்புத் திராட்சையில்கூட இருக்குமே, அது இல்லவே இல்லை. மொழுமொழுவென்று இருந்தது. உருவம் என்னுடையது, நிறம் என் வீட்டுக்காரன் ஒலிம்பியோவுடையது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மண்ணைப் பிடிப்பது நான், பிரஷ்ஷைப் பிடிப்பது அவன்.

மறந்திருப்பான். வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது.

ஆகஸ்ட் 20

சொன்னேன். பேரிக்காய்க்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே, "நிஜப் பழம் ஒண்ணு கொண்டா" என்றான். கொடுத்தேன். ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல எங்க இருக்கு நீறு?"

"இருக்கே."

"எங்க? இப்பல்லாம் சந்தைல துணியால தேய்ச்சுத்தான் வெக்கிறாங்க. பளபளன்னு இருந்தாத்தான் டூரிஸ்ட் வாங்கறான். நான் கண்ணால பாக்கறதைத்தான் போடுவேன். இல்லாததை இருக்குன்னு சொல்ல நான் என்ன மந்திரியா?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டான். அவன் கையிலிருந்த பழத்தில் நீறு பூத்துக் கிடந்தது. அவன் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் வாயைத் திறக்கவில்லை? தெரியவில்லை.

ஆகஸ்ட் 22

என் நீலச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். "அந்தத் தவிட்டுக் கலர் சட்டைதானே, கொடியில கெடக்கு" என்றான். அது ஜனவரிக் கடல் மாதிரி நீலம். கேலி பண்ணுகிறான் என்று முதலில் நினைத்தேன். கேலி பண்ணினால் அவன் புருவம் ஏறும். ஏறவில்லை.

சாயங்காலம் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தான். "பாரு, அறுபத்து நாலு வயசுல கண்ணு திரும்பி வருது. உனக்கு வருதா?" என்று வேறு கேட்டான்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று மானம் போயிற்று.

நான் போய்ச் சேர்வதற்குள் சதுக்கத்தில் சண்டை ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டம். ஒலிம்பியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கிராசியெட் கடைக்கு முன்னால் நிற்கிறான்.

"உண்மையச் சொல்லு கிராசியெட். தேய்க்கிறியா இல்லையா?"

"என்னத்தைத் தேய்க்கிறேன்?"

"ப்ளம்ஸை. நீ மட்டும் இல்ல, மொத்தச் சந்தையும் தேய்க்குது. மூணு வருஷமாப் பாக்கறேன். முட்டைக்கோஸைக்கூட விடல. அதுக்கும் மேல ஒரு சாம்பல் இருக்கும் முன்னல்லாம்."

கிராசியெட் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அவள் இடுப்பில் கைவைத்தால் மீன்காரர்கள்கூட ஒதுங்கிப்போவார்கள்.

"ஏன்யா ஒலிம்பியோ, விடிகாலைல எழுந்து ஒவ்வொரு ப்ளம்ஸா எடுத்து முகம் துடைச்சு விடறதுதான் எனக்கு வேலையா? என் புருஷன் முகத்தையே நான் துடைச்சு விட்டதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். மத்தியானம் சாப்பிடவில்லை. மத்தி மீன் சுட்டிருந்தேன், அதற்குக்கூட வரவில்லை.

மூன்று வருஷமா? நான் ஏன் பார்க்கவில்லை? தினமும் பக்கத்திலேயே இருந்தால் எதுதான் கண்ணில் படுகிறது.

ஆகஸ்ட் 28

எனக்கு பிரஷர் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா சின்னப் பெண், ஆனால் கெட்டி. எனக்குப் பார்த்த கையோடு அவன் கண்ணில் விளக்கடித்தாள்.

"சென்யோர் ஒலிம்பியோ, ரெண்டு கண்ணுலயும் புரை. பழுத்துப் பழுப்பேறிப் போச்சு. கண்ணாடி இல்லாம படிக்கிறீங்களாமே? அது புரை பண்ற வேலை. கொஞ்ச நாளைக்குக் கிட்டத்துல நல்லாத் தெரியற மாதிரி இருக்கும். கலர்தான் போயிடும். முதல்ல போறது நீலம்."

"எனக்குக் கலர் நல்லாத் தெரியுது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சின்ன ஆபரேஷன்தான். ஒவ்வொரு கண்ணாப் பண்ணிடலாம்."

"வேணாம்."

திரும்பி நடந்தோம். பேக்கரிக்கு முன்னால் நின்று, "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும், இருபத்தஞ்சா?" என்றான். அவ்வளவுதான்.

செப்டம்பர் 3

எங்கள் சாமானை வாங்கி விற்கும் லிஸ்பன் கடைக்கார அம்மா ஃபோன் செய்தாள். இலையுதிர்காலக் கண்ணாடி அலமாரிக்கு ஒரு பெரிய தட்டு நிறைய ப்ளம்ஸ் வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது, எங்களால் ப்ளம்ஸ் முடியாது என்றா?

செப்டம்பர் 5

உருவங்கள் எல்லாம் முடிந்து முதல் சூடும் போட்டாயிற்று. ஒலிம்பியோ நிறம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பார்க்க ஆசையாக இருக்கிறது. அந்தக் கை கொஞ்சமும் தளரவில்லை. காம்புப் பள்ளத்தில் சிவப்பு எப்படி இறங்கி ஊதாவாக மாற வேண்டுமோ அப்படி மாறுகிறது. நீறு மட்டும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு விநோதம் உண்டு. நீலத்துக்கான கோபால்ட் சாயத்தைச் சூளையில் வைக்கும் முன் பூசும்போது அது நீலமாகவே இருக்காது, வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்கும். வெந்த பிறகுதான் நீலம். அதனால் பூசுகிறவன் கண்ணை நம்பிப் பூசுவதில்லை, ஞாபகத்தை நம்பிப் பூசுகிறான். அவன் ஞாபகமே பழுப்பேறிப் போனால் என்ன செய்வது?

செப்டம்பர் 6

செய்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயர்ந்த நேரத்தில் பட்டறைக்குள் போய், கோபால்ட்டைக் கொஞ்சம் வெள்ளையோடு நீர்க்கக் கலந்து, ஸ்பாஞ்சால் ஒவ்வொரு ப்ளம்ஸ் மேலும் ஒற்றினேன். பிறத்தியார் வீட்டு அலமாரியைத் திறந்த மாதிரி இருந்தது. லிஸ்பன் தட்டுக்கான ப்ளம்ஸில் பாதியை அவன் ஏற்கெனவே சூளைக்குள் அடுக்கியிருந்தான். அவற்றை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. மிச்சப் பாதிக்குத்தான் போட்டேன்.

அவன் எழுந்து வந்து எல்லாவற்றையும் அடுக்கிச் சூளையை மூடினான். ஒன்றும் கவனிக்கவில்லை. கவனிக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும், அதுதான் அழுகையாக வந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

நான் நீறு போட்டவற்றை மட்டும் பொறுக்கி லிஸ்பனுக்கு அனுப்பினேன். மூன்றை வைத்துக்கொண்டேன், சந்தைப் பரீட்சைக்கு.

முதல் ஆளே எடுத்துவிட்டாள். எடுத்தது மட்டுமா, மூன்றையும் தராசில் வைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. இந்தப் பாவிமனுஷன் இன்றைக்குப் பார்த்தா என் கூடவே வரவேண்டும்?

"பாத்தியா?" என்றான் கிராசியெட்டிடம். "அந்தக் குட்டி டாக்டர் எனக்குக் கலர் தெரியலைங்கறா. நீ சோப்புங்கற. வாங்க வந்த பொம்பளை தராசுலயே வெச்சுட்டா."

கிராசியெட் பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. காட்டிக்கொடுக்கவில்லை, நல்லவள்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் கொடுத்த சீட்டைச் சுருட்டி அடுப்பு பற்றவைத்தான். நல்லது செய்கிறேன் என்று நான் செய்தது இப்படி முடிந்திருக்கிறது. இனி அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டான். கண் முழுக்க மூடிப்போகும்வரை என் ஸ்பாஞ்ச் அவனைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு அதுவும் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 12

கிராசியெட்டிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். தக்காளி எடைபோட்டுக்கொண்டே கேட்டாள்.

"என் ஒண்ணுவிட்ட தம்பி தோட்டத்துல கடைசி ப்ளம்ஸ் இன்னும் மரத்துல இருக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. மரத்துல இருக்கறதை எவ போய்த் தேய்ப்பா?"

செப்டம்பர் 14, ஞாயிறு

தோட்டத்துக்குப் போனோம். சமாதானம் பேசத்தான் கிராசியெட் அழைத்திருக்கிறாள் என்று ஒலிம்பியோ நினைத்துக்கொண்டான். ஒரு பாட்டில் ஒயினும் எடுத்துக்கொண்டான்.

காலை வெயில். மரத்தில் பழங்கள் நீலச் சாம்பலாகத் தொங்கின, அத்தனை நீறு. கிராசியெட் ஒரு கிளையை இழுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதையும் நான் தேய்ச்சேனா, சொல்லு."

அவன் பார்த்தான். "இங்கயும் யாரோ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

கையை நீட்டி ஒரு பழத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினான். பிறகு விரலை விரலோடு உரசிப் பார்த்தான். மாவு விரலில் தட்டுப்படுகிறது, அது அவனுக்குத் தெரியாதா என்ன, எத்தனை வருஷப் பழக்கம். விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொரு பழத்தைத் தடவினான். இன்னொன்றை. கிராசியெட் கிளையை விட்டுவிட்டு, தம்பியைக் கூப்பிடுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"சந்தைல அந்தப் பொம்பளை எடுத்த ப்ளம்ஸ்ல நீறு இருந்துதா?"

"இருந்துது" என்றேன். ஒயின் பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தோம்.

செப்டம்பர் 15

பேசுகிறான், சாப்பிடுகிறான். ஆபரேஷன் என்றால் மட்டும் எழுந்து போய்விடுகிறான். பயமா என்று கேட்டேன்.

"கத்திக்குப் பயம் இல்ல."

"பின்ன?"

வெகுநேரம் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். "கண்ணைத் தொறந்து பாத்தா, நான் இத்தனை நாளாப் பண்ணினது எல்லாம் குப்பைன்னு தெரிஞ்சா? அப்புறம் எந்த முகத்தோட இங்க வந்து உக்காருவேன்?"

குப்பை இல்லை என்று நான் சொன்னால் நம்புவானா? பொண்டாட்டி சொல்வது கணக்கில் வராது.

செப்டம்பர் 24

சாம்பிள் ஓடுகளை எல்லாம் மேஜையில் பரப்பியிருந்தான். நீலம், சாம்பல், பச்சை என்று நிறத்துக்கு ஒரு சின்ன ஓடு, பின்னால் நம்பர். பின்பக்கம் பார்க்காமல் வெளிர் நிறத்திலிருந்து அடர்த்தி வரைக்கும் வரிசையாக அடுக்கினான். சின்ன வயதில் இதை அவன் பந்தயம் கட்டிச் செய்வான். அடுக்கி முடித்து ஒவ்வொன்றாகத் திருப்பினான்.

சிவப்பு வரிசை சரி. நீல வரிசை சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

மறுபடி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினான். "அந்தக் குட்டி டாக்டருக்கு ஃபோன் போடு" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சூப்பில் உப்பு குறைவு என்று சொல்கிற குரல்.

அக்டோபர் 2

ஆபரேஷனுக்கு வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்களாம். காத்திருக்கச் சொன்னார்கள். சீமைமாதுளைக்காய் வந்துவிட்டது. மேலே பஞ்சு மாதிரி ரோமம் இருக்கிற அந்த மஞ்சள் காயை மண்ணில் கொண்டுவருவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. நாள் முழுக்கப் பாடிக்கொண்டே பிடித்தேன். மஞ்சள் அவனுக்கு இன்னும் சரியாகத் தெரிகிறது. ரெண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம்.

அக்டோபர் 21, செவ்வாய்

யாரோ வரவில்லையாம், இடம் காலி என்று நேற்றுக் கூப்பிட்டார்கள். இன்று வலது கண் முடிந்தது. அவன் உள்ளே இருந்ததைவிட நான் வெளியே காபி மெஷினோடு சண்டை போட்டதுதான் அதிக நேரம்.

கண்ணில் கட்டோடு வீடு வந்தான். ஒரு கடற்கொள்ளைக்காரனைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றேன். சிரித்தான்.

அக்டோபர் 22

கட்டை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து, "இவங்க எப்ப வெள்ளை அடிச்சாங்க?" என்றான். வாசலுக்கு வந்ததும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நகரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்.

"என்ன, கிழவியாத் தெரியறேனா?"

ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தான், மறு கண்ணைப் பொத்திப் பார்த்தான். "இந்தப் பழைய கண்ணுக்கு நீ கொஞ்சம் மாநிறம். புதுக் கண்ணுக்கு நீ வெளுப்பு. சுருக்கம் ரெண்டுலயும் இருக்கு, அது எனக்கு எப்பவோ தெரியும்."

முதுகில் ஒன்று வைத்தேன். டாக்டரம்மா குனியக் கூடாது என்று சொன்னது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 27

கண்ணுக்குச் சொட்டுமருந்து போட்டுக்கொண்டு இத்தனை நாள் பட்டறைப் பக்கம் போகாமல் இருந்தான். இன்று போனான். நான் வெளியிலேயே நின்றேன்.

அலமாரி முழுக்க இந்த மூன்று வருஷத்து வேலை. முட்டைக்கோஸ், பேரி, திராட்சை, விற்காத ப்ளம்ஸ். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தான்.

"எல்லாத்தையும் டீத்தண்ணில முக்கி எடுத்த மாதிரி இருக்கு. இதையா காசு குடுத்து வாங்கிட்டுப் போனாங்க?"

"யாரும் திருப்பிக் கொண்டாரலையே."

"மரியாதைக்காக இருக்கும்."

உள்ளே போய்க் கையில் ஒரு ப்ளம்ஸோடு திரும்பி வந்தான். அன்றைக்குச் சந்தையில் வைத்த மூன்றில் ஒன்று, ஜாடிக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்தது. எப்படிக் கண்டுபிடித்தான்? கண்டுபிடிக்கத்தானே கண் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"இதுல நீ கை வெச்சிருக்கே."

கோபப்படப் போகிறான், சூளைத் தட்டில் அடித்து உடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். பழத்தைச் சுழற்றி எனக்குக் காட்டினான்.

"சுத்திலும் ஒரே சீரா ஒத்தி வெச்சிருக்கே. பறிச்சவன் விரல் எங்க? எவனாவது ப்ளம்ஸைத் தொடாமப் பறிப்பானா? ஒரு பக்கமாவது நீறு கலைஞ்சிருக்க வேணாமா?"

அலமாரியின் மேல்தட்டிலிருந்து, பத்து வருஷத்துக்கு முன்னால் செய்தது ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். காம்புக்குக் கீழே, நீறுக்கு நடுவில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு. நிஜமாக யாரோ பிடித்துப் பறித்த மாதிரி. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. திட்டுவாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

நவம்பர் 6

இடது கண்ணுக்கு இடம் இருக்கிறது என்று ஃபோன். ஒலிம்பியோ ரிசீவரை வாங்கி, "அது இருக்கட்டும், அவசரம் இல்ல" என்று வைத்துவிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கண்ணில் இத்தனை நல்லது கண்டவன் மறு கண்ணுக்கு ஏன் முரண்டு பிடிக்கிறான்? கேட்டால் மழைக்காலம் போகட்டும் என்கிறான். கண்ணுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?

நவம்பர் 11

புனித மார்ட்டின் நாள். கிராசியெட் செஸ்ட்நட் கொட்டை கொண்டுவந்தாள், வாசலில் சுட்டுத் தின்றோம், புது ஒயின் குடித்தோம். ஒலிம்பியோவிடம், "இப்ப ஒத்துக்கறியா, நான் முகம் துடைச்சு விடலைன்னு?" என்றாள். "உன் புருஷன் முகத்தைப் பாத்தாலே தெரியுது" என்றான் அவன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல நாள்.

நவம்பர் 13

இப்போது புரிந்துவிட்டது.

காபி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அலமாரிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. புதுக் கண்ணை. பழைய கண்ணால் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வந்தது தெரிந்தும் கையை எடுக்கவில்லை.

"இந்தக் கண்ணுல பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எர்மீனியா. முட்டைக்கோஸ் முட்டைக்கோஸ் மாதிரியே இருக்கு. இதையும் எடுத்துட்டா, அப்புறம் நான் எங்க போய்ப் பாக்கறது?"

காபியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சமையலறையில் நின்று அழுதேன். அவனைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து. இனி இந்தப் பேச்சை நானாக எடுக்க மாட்டேன்.

நவம்பர் 20

கிறிஸ்துமஸ் முட்டைக்கோஸ் வேலை. எங்கள் ஊர்முழுக்கப் பீங்கான் முட்டைக்கோஸ் செய்கிறது, எங்களுடையது வேறு மாதிரி. அச்சில் வார்ப்பதில்லை, ஒவ்வொரு இலையையும் நான் கையால் தட்டி, நரம்பு கீறி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறேன். ஒன்றுக்கே நாள் போய்விடும்.

நிறம் போட உட்கார்ந்தவன் தடுமாறினான். ஒரு கண் நீலப்பச்சை என்கிறது, மறு கண் மஞ்சள்பச்சை என்கிறது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான், மூடிய இமை துடிக்கிறது. துணி கட்டிப் பார்த்தான், அரிக்கிறது என்று பிடுங்கிப் போட்டான். கையால் பொத்திக்கொண்டால் இலையைப் பிடிக்கக் கை இல்லை.

"மூணு கை வேணும் எனக்கு" என்றான்.

நான் எழுந்து போய் அவன் பின்னால் நின்று என் உள்ளங்கையை அவன் இடது கண் மேல் வைத்தேன். கண் மூடித்திறக்கும்போதெல்லாம் இமைமயிர் கையில் கூசியது.

"மண்ணு வாசனை அடிக்குது" என்றான். "எடுக்காத."

நவம்பர் 27

ஒரு வாரமாக இதுதான் நடக்கிறது. அவன் பூசுகிறான், நான் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். ஒரு கை வலித்தால் மறு கை. இத்தனை வருஷத்தில் அவன் வேலை செய்வதை இவ்வளவு பக்கத்திலிருந்து நான் பார்த்ததில்லை, என் வேலையில் குனிந்தே காலம் போய்விட்டது. நரம்பு ஓரத்தில் நீலத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈரப் பிரஷ்ஷால் இழுக்கிறான். அவன் மூச்சைப் பிடிக்கும்போது நானும் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்றுச் சூளையிலிருந்து வந்த முட்டைக்கோஸ் கிராசியெட் கடையில் பாஸ். ஒருத்தி அதைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது, நல்ல காய் என்றாளாம்.

டிசம்பர் 3

மத்தியானம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என் மேஜையைப் பார்த்தான். ஈரத்துணி போட்டு மூடிய மண், விளிம்பில் வெடித்துக் கிடந்தது. அடுத்த முட்டைக்கோஸுக்கு ஒரு இலைகூட நான் தட்டவில்லை. அவன் கையில் இருப்பதுதான் கடைசி உருவம்.

"உன் கை என் கண்ணுல இருந்தா உன் வேலை யார் பாக்கறது?"

நான் தோளைக் குலுக்கினேன். உண்மையில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

கை கழுவிக்கொண்டு போய் அவனே ஃபோனை எடுத்தான். வீட்டில் ஃபோன் வந்த காலத்திலிருந்து அவனாக எடுத்து ஒரு நம்பர் போட்டு நான் பார்த்ததில்லை. தப்பான இடத்துக்குப் போயிற்று. ஏதோ ஒரு முடிதிருத்தகம். மறுபடி போட்டான்.

"இடது கண்ணு. ஒலிம்பியோ. ஆமா, வேணாம்னு சொன்னவன்தான்."

டிசம்பர் 15

நாளைக்கு ஆபரேஷன்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் பட்டறைக்குப் போய் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தான், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு. நான் அந்தப் பக்கமே போகவில்லை. கீரைச் சூப் வைத்தேன், உப்புமீனை ஊறப்போட்டேன், துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு அவனாகவே வந்தான்.

"போதும். பாத்துட்டேன்" என்றான். ரெண்டு தட்டு சூப் குடித்தான்.

டிசம்பர் 17

கட்டு எடுத்தாயிற்று. நல்லபடியாக இருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

மழை. கிழக்கு ஜன்னலில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அவன் கோஸுக்கு நீலம் இழுத்துக்கொண்டிருந்தான், நான் எலுமிச்சை பிடித்துக்கொண்டிருந்தேன். மண் இருக்கிற டப்பாவை எடுக்க அவன் பின்னால் போனவள், என்ன நினைப்பில் இருந்தேனோ, நின்று அவன் இடது கண் மேல் கையை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, இனி தேவையில்லையே என்று.

எடுக்கப் பார்த்தேன். அவன் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து என் கையில் வைத்துக்கொண்டான். பிரஷ் நிற்கவில்லை. அந்த இலை முடியும்வரைக்கும் நின்றுவிட்டு வந்து எலுமிச்சையை எடுத்தேன்.